மழைக்கு முன் புதுச்சேரி

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலையும் காந்தி சிலையும் மணக்குள விநாயகர் கோயிலும் போதும். புரட்டாசிக் கடைசியில் நான் போனது வேறு காரியத்துக்காக. பருவமழை பிடிக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அடைமழை பெய்தால் இந்த ஊரில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும், அங்கே மழைக்கு முன்னால் யார் நின்று வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆசையைக் கிளப்பியது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கரை தொட்ட புயல் மேற்கே நகர்ந்து வலுவிழப்பதுதான் வழக்கம். ஃபெஞ்சல் நகரவே இல்லை. மணிக்கணக்கில் ஊரின் தலைக்கு மேலேயே நின்று பெய்தது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது மழை. ஆண்டு முழுவதும் புதுச்சேரி பெறுவது சுமார் 130 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் கொட்டினால் எந்த வாய்க்கால் தாங்கும்?

கிருஷ்ணா நகரில் தண்ணீர் மார்பளவுக்கு ஏறியது. சென்னையிலிருந்து ராணுவம் வந்து வீடுகளில் சிக்கியவர்களைப் படகில் ஏற்றியது. பத்திரிகைகளில் நாம் பார்த்த படங்கள் அவைதான். அந்த வீரர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வந்திறங்குவதற்கு முன்பே, இருட்டில், இடுப்பளவுத் தண்ணீரில் கடப்பாரையோடு இறங்கி வாய்க்கால் மூடிகளைத் தூக்கிவிட்டவர்கள் உண்டு. அவர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

முதலில் ஊசுட்டேரிக்குப் போனேன். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி. சுமார் 800 ஹெக்டேர். அதில் ஒரு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்குள் விரிகிறது. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வரும் சங்கராபரணி ஆற்றின் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கே வந்து நிறைகிறது. வலசைப் பறவைகள் இன்னும் வந்திருக்கவில்லை. ஏரிக்கரையில் நான்கைந்து பேர் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அழகுக்காகச் செய்கிற வேலை என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். வயதில் மூத்த மேஸ்திரி ஒருவர் என்னைக் கரைச் சரிவில் இறக்கிக் காட்டினார். சீமைக்கருவேலத்தின் வேர் கரைக்குள் ஆழமாக இறங்கும். மரம் பட்டுப்போனால் அந்த வேர் மட்கி, இருந்த இடம் பொந்தாகிவிடும். எலியும் நண்டும் அதைப் பெரிதாக்கும். ஏரி நிரம்பும்போது தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். புதர் மண்டியிருந்தால் கசிவு கண்ணுக்கும் தெரியாது.

"கசிவு எல்லாக் கரையிலயும் இருக்கும் தம்பி. தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல. கலங்கலா வந்துச்சுன்னு வையி, கரை மண்ண அரிச்சிக்கினு வருதுன்னு அர்த்தம். அப்ப நிக்கக் கூடாது, ஓடி மூட்ட அடுக்கணும்."

கலங்கலாக ஊற்றுக் கிளம்பிய இடத்தை அப்படியே மண் போட்டு அடைக்க மாட்டார்களாம். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பீறிட்டுக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் உயரும்படி விடுவார்கள். உயர்ந்த தண்ணீரே ஊற்றை அழுத்தி அதன் வேகத்தைத் தணிக்கும்; மண் அரிப்பு நிற்கும். நீரியல் பாடப்புத்தகத்தில் உள்ள முறைதான் இது. அவர் கற்றது தகப்பனாரிடம்.

மதகின் திருகுக் கம்பியில் புதிதாகக் கிரீஸ் பூசியிருந்தது. சுழற்றிப் பார்க்கச் சொன்னார். இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்துத்தான் என்னால் அசைக்க முடிந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு மழைல இது சுத்தலன்னா என்னா பண்றது? அதுக்குத்தான் இப்பவே சுத்தி வெச்சிக்கறது."

புதுச்சேரிப் பகுதியில் இப்படி 84 ஏரிகள் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஏரிப் பாசனத்தைக் கவனிக்க விவசாயிகள் சங்கங்கள் இருந்தன. பிற்பாடு அவை தேய்ந்துபோயின. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஊர்தோறும் மறுபடி சங்கங்கள் அமைத்தார்கள். ஏரி என்றால் நெல்லுக்குத் தண்ணீர் என்றுதான் பேசுவோம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்தை வாங்கி நிறுத்திவைக்கிற முதல் அரணும் இவைதான்.

ஊசுட்டேரியிலிருந்து ரெட்டியார்பாளையம் வழியாக நகரத்துக்குள் வந்தேன். விழுப்புரம் சாலை வந்து முட்டும் இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் அரைமணி மழைக்கே குளமாகிவிடும். புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வடக்கே கோரிமேடும் லாஸ்பேட்டையும் மேடு. அங்கே விழும் மழை சரிந்து ஓடிவந்து ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கத்துப் பள்ளத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலுமாக இருந்த பூமி. மனை போட்டு விற்றபோது பெயர் மாறியது, மட்டம் மாறவில்லை.

அங்கே ஒரு தெருவில் தூர் வாரும் வேலை நடந்தது. ஒரு ஜே.சி.பி., ஒரு டிராக்டர், ஆறேழு ஆட்கள். ஜே.சி.பி.யின் கை நுழையாத சந்துக்குள் ஆட்கள்தான் இறங்க வேண்டும். கடப்பாரையை நெம்பி சிமென்ட் மூடியை ஒருவர் தூக்க, இன்னொருவர் அடியில் செங்கல்லைச் செருகினார். உள்ளேயிருந்து வந்தவற்றை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் கவர், இளநீர்க் கூடு, கிழிந்த மெத்தை, டயர், வீடு இடித்த கட்டைமண், கறுப்பான சேறு. சேற்றை உடனே அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. ஒருநாள் கரையில் போட்டு நீர் வடிய வேண்டும், அப்போதுதான் வண்டியில் நிற்கும். வடிந்த பிறகு அள்ளாமல் விட்டால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே போகும். தூர் வாரிய செலவும் உழைப்பும் பாழ். வெள்ளத் தடுப்பு வேலையின் தரத்தை எப்படிப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், வாரிய சேறு எத்தனை நாளாகத் தெருவோரம் கிடக்கிறது என்று பாருங்கள் என்பேன்.

மழை நாளில் இவர்கள் வேலை வேறு மாதிரி. தண்ணீர் வடிய மூடியைத் திறந்துவிட்டால், அந்தக் குழி தண்ணீருக்கடியில் தெரியாது. நடந்துபோகிற யாராவது உள்ளே விழுந்துவிடக் கூடும். ஆகவே குழியில் ஒரு சவுக்குக் கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். கம்பு நிற்காத இடத்தில் ஓர் ஆளே நிற்பார், மணிக்கணக்கில். ஃபெஞ்சல் ராத்திரியில் அப்படி நின்ற ஒருவரோடு பேசினேன். கால் விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, ஆறப் பத்து நாளுக்கு மேல் ஆனதாம். முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸ் இருந்ததா என்று கேட்டேன். "இடுப்புக்குத் தண்ணி வரப்போ முட்டிவரைக்கும் பூட்ஸ் போட்டு என்னா சார்? அதுக்குள்ளயே தண்ணி ரொம்பிடும்" என்றார். இடுப்புக்கு மேல் வரும் நீர்புகா உடை உலகத்தில் இருக்கிறது. விலையும் ஒன்றும் எட்டாத விலையில்லை.

இந்த வேலைகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் நிரந்தர ஊழியர்கள் இல்லை. வவுச்சர் ஊழியர் என்று புதுச்சேரியில் சொல்வார்கள். தினக்கூலிக்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் ஊருக்குப் பழக்கம். ஒப்பந்தக்காரர்களின் ஆட்களும் உண்டு. இவர்களைப் போன்றவர்களை வேறு நாடு எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அதிபர் பிறப்பித்த ஒரு பாதுகாப்பு உத்தரவு, பேரிடரில் முதலில் களமிறங்குவோர் யார் என்று வரையறுத்தபோது, பொதுப்பணி ஊழியர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. பட்டியலில் பெயர் இருந்தால் பயிற்சி, கவசம், காப்பீடு எல்லாவற்றையும் கேட்க ஒரு பிடி கிடைக்கும். நம் நாட்டில் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் வழியே தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைந்தது. புதுச்சேரிக்குப் பெரும்பாலும் அரக்கோணத்திலிருந்து அந்தப் படை வருகிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே வந்து தங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தத் தெருவில் எந்த மூடி உடைந்திருக்கிறது என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும்.

ஆபத்து புயலோடுதான் வரும் என்றுமில்லை. ரெட்டியார்பாளையம் புதுநகரில் 2024 ஜூன் 11 அன்று காலையில், பாதாளச் சாக்கடையிலிருந்து வந்த விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு மூதாட்டி, அவரைக் காப்பாற்றப் போன மகள், இன்னொரு வீட்டுச் சிறுமி என மூன்று உயிர்கள் போயின. அந்தத் தெரு வழியாக நடந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. குடிநீரும் கழிவுநீரும் சாலையும் ஏரியும் புதுச்சேரியில் பொதுப்பணித்துறையின் பொறுப்பில்தான் வருகின்றன. அடைப்பு எங்கே, வாயு வெளியேற வழி இருக்கிறதா, வீட்டு இணைப்பில் நீரடைப்பு வளைவு வைத்திருக்கிறார்களா என்று நாள்தோறும் பார்க்கிற வேலைதான் அங்கே உயிர்காக்கும் வேலை. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதர்களைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவசரம் என்று வந்துவிட்டால் அந்தச் சட்டத்தைத்தான் முதலில் மறக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லாத ஊரில், மழை நாளில் ஜனங்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? எம்.எல்.ஏ.வை, இல்லாவிட்டால் இளநிலைப் பொறியாளரை. அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் நாற்பது தெருவுக்கு மோட்டார் கேட்டால் அவர் எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவார்? முன்னுரிமையை முடிவு செய்ய மக்கள் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் இல்லாதது பேரிடர்த் தயார்நிலையில் பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை பெரிய வாய்க்காலோரம் நடந்தேன். ஒரு பக்கம் அம்பூர் சாலை, மறுபக்கம் செஞ்சி சாலை. பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை நகரத்தையும் தமிழர்கள் குடியிருந்த பகுதியையும் பிரித்த கோடு இது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை இனப் பிரிவின் எல்லையாகப் பேசும்; அதுவும் நிஜம்தான். நடந்து பார்த்தால் இது வடிகால். நேர்நேரான தெருக்களில் விழும் மழை ஓடிவந்து சேர ஒரு முதுகெலும்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த வாய்க்கால். சின்ன வாய்க்கால் என்று இன்னொன்றும் உண்டு. இப்போது தெருப் பெயராகத்தான் பலருக்குத் தெரியும்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் புதிதாக மின்னுகிறது. 1870-களில் எழுந்த நகரசபை மாளிகை. பராமரிப்பில்லாமல் நைந்துபோயிருந்த அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் இடர்க்குறைப்புத் திட்டத்தில் பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகாகக் கட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் மொட்டை மாடியில் அரசங்கன்றைப் பிடுங்கி, விரிசலுக்குச் சுண்ணாம்பு பூச நாலு கொத்தனார்களை வைத்திருந்தால் பழையதே நின்றிருக்குமோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

பாறைகளை அடுக்கிய கடற்கரையில் நின்றபோது ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 காலையில் அலை இந்தச் சுவரில் மோதியதைப் பார்த்தவர். பிரெஞ்சுக் காலத்துக் கடற்சுவரும், பிறகு ஆண்டாண்டாகக் கொட்டிய பாறைகளும் நகரத்தைக் காத்தன என்றார். சுவர் இல்லாத மீனவக் குப்பங்களுக்கும் காரைக்காலுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதே கடல் 1952 புயலில் இங்கிருந்த பழைய இரும்புப் பாலத்தை உடைத்துப்போட்டது. 1866-இல் பொதுப்பணிப் பொறியாளர்கள் கட்டிய பாலம் அது. கப்பலிலிருந்து சரக்கு இறக்க ஊருக்கு இருந்த வழி.

மாலையில் மின்துறை ஊழியர் ஒருவரைச் சந்தித்தேன். தானே புயலைப் பற்றிக் கேட்காமல் அவரிடமிருந்து எழுந்துவர முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய புயல். ஃபெஞ்சல் தண்ணீர்ப் புயல் என்றால் தானே காற்றுப் புயல். தெருவுக்குத் தெரு மரம், மரத்துக்கு மரம் அறுந்த கம்பி.

மரத்தை அறுக்கிறவரும் கம்பியைப் பார்க்கிறவரும் சேர்ந்து போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியது எனக்குப் புதிது. ஊரெல்லாம் மின்சாரம் நிறுத்தியிருக்கிறார்கள், கம்பியில் ஒன்றும் இருக்காது என்று நினைத்து மர அறுவை இயந்திரத்தைக் கிளையில் வைப்பார்கள். பக்கத்து வீட்டில் யாரோ ஜெனரேட்டரைச் சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த மின்சாரம் மீட்டர் வழியே திரும்பி வந்து, ட்ரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, உயரழுத்தக் கம்பிக்கே போய்விடும். அதனால் இரண்டு பக்கமும் இணைப்பைப் பிரித்து, சோதித்து, கம்பிகளைச் சங்கிலி போட்டு மண்ணோடு இணைத்த பிறகே கை வைக்க வேண்டும். "ஜனங்க கேட் பக்கத்துல நின்னு எப்ப சார் கரண்ட் வரும், எப்ப சார் வரும்னு கேட்டுக்கினே இருப்பாங்க. அவசரத்துல எர்த் போடாம ஏறிடக் கூடாது. எங்க ஆளுங்க போறது அந்த நிமிஷத்துலதான்."

அவர் வீட்டு ஓடும் அந்தப் புயலில் பறந்தது. மனைவியும் குழந்தைகளும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களைப் போய்ப் பார்த்தது மூன்றாம் நாள்.

கடைசியாகப் பாகூர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் தண்ணீரில் நிறையும் ஏரி பாகூர் ஏரி. அதைத் தாண்டி, ஆற்றை ஒட்டிச் சோரியாங்குப்பம், குருவிநத்தம், மணமேடு என்று கிராமங்கள். ஃபெஞ்சல் மழை ஓய்ந்து வெயில் அடித்த பிறகுதான் இவர்களுக்குச் சோதனை வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அன்று விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட்டார்கள். மழையே இல்லாமல் வெள்ளம் வந்தது. 2021 நவம்பரிலும் இப்படித்தான் பெண்ணை பெருகி இந்த ஊர்களுக்குள் புகுந்தது.

அணை ஒரு மாநிலத்தில், கடைமடை இன்னொரு ஆட்சிப் பகுதியில். இடையே இருப்பது சில மணி நேரமும் சில போன் அழைப்புகளும். தகவல் வந்ததும் கொம்யூன் பஞ்சாயத்து ஊழியர்கள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். மாட்டை அவிழ்த்துவிடச் சொல்கிறார்கள், கிழவிகளைத் தூக்கி டிராக்டரில் ஏற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்து விளக்குப் போடுகிறார்கள். இன்ன வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

ஆற்றங்கரையில் நான் போய்ச் சேர்ந்தபோது மணல் மூட்டைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. காலிச் சாக்குகள் கட்டுக்கட்டாக வந்திறங்கியிருந்தன. ஒருவர் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, ஒருவர் மண்வெட்டியால் அள்ளிப் போட, மூன்றாமவர் கட்டினார். இளவட்டம் ஒருவன் வேகத்தில் ஒரு சாக்கை முட்ட முட்ட நிரப்பிவிட்டான். மேஸ்திரியம்மா அதை அவிழ்த்துப் பாதியைக் கொட்டச் சொன்னார். முட்ட நிரப்பிய மூட்டை உருண்டையாகிவிடும், மூட்டைக்கு மூட்டை சந்து விழுந்து தண்ணீர் பீறும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். தூக்கவும் லேசு, அடுக்கி மிதித்தால் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டிய வாயை அடியில் மடித்துப் போட வேண்டும். அவன் இரண்டாவது சாக்கைச் சரியாகக் கட்டினான். அன்றைக்கு இன்னும் இரண்டு லாரி மணல் வர வேண்டியிருந்தது.